முகத்துக்கு ஒத்த மாஸ்க்: சுழியோடப் பழக வருவோருக்கு

என்னுடைய முதல் மாஸ்க் ரொறன்ரோவில் இருந்து சூட்கேசில் வந்தது. "சித்தப்பா, சுழியோடப் பழகப் போறன்" என்று வட்ஸ்அப்பில் வாய்தவறிச் சொன்னதுதான். அடுத்த மாதம் அவர் ஊருக்கு வந்தபோது சொக்கிளேற்றுக்கும் ஷாம்புப் போத்தலுக்கும் நடுவில், துவாயால் சுற்றி, ஒரு பெட்டி. பெயர்போன கொம்பனி. விலையும் கொஞ்சநஞ்சமல்ல. அதைத் தூக்கிக்கொண்டு திருகோணமலைக்குப் பயிற்சிக்குப் போனேன். நிலாவெளியில் நெஞ்சளவு தண்ணீரில் முகத்தை அமிழ்த்தி ஐந்து நிமிடம் ஆகவில்லை, மூக்குவரை தண்ணீர் ஏறிவிட்டது. பட்டியை இறுக்கினேன். முன்னரைவிட வேகமாக ஏறியது. இன்னும் இறுக்கினேன். கரையேறியபோது நெற்றியிலும் கன்னத்திலும் வளையமாகச் சிவந்த தழும்பு, கண் எரிவு, தொண்டையெல்லாம் உப்பு. பயிற்றுநர் ஒன்றும் பேசாமல் தன் கூடைக்குள் கிடந்த, விளிம்பு மஞ்சளாகிப்போன பழைய மாஸ்க் ஒன்றை எடுத்துத் தந்தார். அதில் ஒரு துளி கசியவில்லை.

சித்தப்பா தந்த மாஸ்க்கில் பிழை ஒன்றும் இல்லை. என் தங்கச்சி போட்டுப் பார்த்தாள், அவளுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. அவள் முகம் ஒடுக்கம், என்னுடையது அகலம். அவ்வளவுதான் விஷயம். பாட்டா செருப்பு என்றால் காலின் இலக்கத்தைச் சொல்லி வாங்கலாம். மாஸ்க்குக்கு அப்படி இலக்கம் கிடையாது. முகம் நேரே கடைக்குப் போகவேண்டும். வெளிநாட்டுச் சொந்தக்காரர் எதையாவது வாங்கி அனுப்பத் துடித்தால் துடுப்புச் சப்பாத்தோ டோர்ச் லைற்றோ கேளுங்கள். மாஸ்க்கை மட்டும் நீங்களே போட்டுப் பார்த்து வாங்குங்கள்.

கடைக்குப் போகமுன்

எமது யாழ்ப்பாணக் குடாநாட்டை ஒட்டியுள்ள பாக்கு நீரிணை ஆழம் குறைந்தது. காற்று எழும்பினால் அடிமண் கலங்கித் தண்ணீர் மோர் மாதிரி ஆகிவிடும். அதனால் யாழ்ப்பாணத்தில் இருந்து பழகப் போகிற பலர் திருகோணமலைப் பக்கம்தான் போகிறார்கள்: உப்புவெளி, நிலாவெளி, 2003 இல் தேசிய பூங்காவாக அறிவிக்கப்பட்ட புறாத்தீவு. கிழக்குக் கடல் ஏறத்தாழ சித்திரையில் இருந்து புரட்டாதி வரை அமைதியாக இருக்கும். வாடை தொடங்கினால் ஆட்டம் முடிந்தது. ஆகவே மாஸ்க் வாங்க நல்ல காலம் மாரிதான். அவசரம் இல்லாமல் நாலு கடை ஏறி இறங்கலாம், வீட்டில் வைத்துப் பரிசோதிக்கலாம், பொருந்தாவிட்டால் மாற்றக் காலம் இருக்கும். பயணத்துக்கு முதல்நாள் பின்னேரம் வாங்கினால் என் கதைதான்.

நீச்சலுக்குப் போடும் சின்னக் கண்ணாடி வீட்டில் கிடக்கிறதே, அது போதாதா என்று பலர் கேட்பார்கள். போதாது. காரணத்தைத் தெரிந்துவைப்பது நல்லது, ஏனென்றால் மாஸ்க்கின் வடிவம் முழுவதும் இந்தக் காரணத்தில்தான் நிற்கிறது. கடல்மட்டத்தில் நம்மேல் இருப்பது 1 வளிமண்டல அழுத்தம். 10 மீற்றர் கீழே போனால் அது 2 ஆகிவிடும். மாஸ்க்குக்குள் அடைபட்ட காற்று பாதியளவுக்குச் சுருங்கப் பார்க்கும். சுருங்கும்போது முகத்தை, குறிப்பாகக் கண்ணை, உள்ளே உறிஞ்சும். மூக்கும் மாஸ்க்குக்குள் இருந்தால், இறங்க இறங்க மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றை விட்டு அந்தக் குறையை நிரப்பலாம். நீச்சல் கண்ணாடியில் மூக்கு வெளியே இருக்கிறது, நிரப்ப வழியில்லை. கண்வெள்ளையில் இரத்தம் கட்டி, கண்ணைச் சுற்றிக் கண்டிப்போய் ஏறி வரவேண்டியதுதான். அழுத்தம் இரட்டிப்பது முதல் 10 மீற்றருக்குள் என்பதால், "நான் ஆழத்துக்குப் போகமாட்டன்" என்ற சாட்டும் இங்கே எடுபடாது.

(ஆழம் என்றதும் ஞாபகம் வருகிறது. புதிதாக வருகிறவர்கள் பலர் முதல் நாளே கேட்பது, 1942 ஏப்ரல் 9 இல் மட்டக்களப்புக் கடலில் மூழ்கிய ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலைப் பார்க்கலாமா என்று. அது கிடப்பது 50 மீற்றருக்கும் கீழே. பொழுதுபோக்காகச் சுழியோடுவோருக்குச் சொல்லப்படும் எல்லை 40 மீற்றர். புதியவருக்கு 18. முதலில் மாஸ்க்கைப் பார்ப்போம்.)

முகம் முழுவதையும் மூடி, உச்சியில் குழாய் வைத்த ஒருவகை மாஸ்க்கும் இப்போது இணையத்தில் மலிவாக ஓடுகிறது. அது மேலே மிதந்தபடி மீன் பார்ப்பதற்கு. அதைப் போட்டுச் சுழியோடக் கூடாது. சிலிண்டர் காற்றை வாய்க்குத் தரும் ரெகுலேற்றரை வாயில் வைக்க அதில் இடமில்லை, இறங்கும்போது அழுத்தத்தால் வரும் காது அடைப்பை மூக்கைப் பொத்தி எடுக்கவும் முடியாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

யாழ்ப்பாணத்துக் கடைகளில் "மாஸ்க் இருக்கோ" என்று கேட்டால் கொரோனாவுக்குப் பிறகு பாமசிக்குக் கைகாட்டுவார்கள். "சுழியோடுற கண்ணாடி" என்று கேளுங்கள். விளையாட்டுச் சாமான் கடையிலும் மீன்பிடிச் சாமான் கடையிலும் எதையாவது எடுத்துப் போடுவார்கள். போட்டுப் பார்க்க முன்னரே பாதியைக் கழித்துவிடலாம்.

முதலில் முன்கண்ணாடி. அது சூடாக்கி உறுதியேற்றிய கண்ணாடியாக இருக்கவேண்டும். 'டெம்பர்ட்' என்று ஆங்கில எழுத்தில், சிலவேளை 'டி' என்ற ஓரெழுத்தில், கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கும். உடைந்தால் இது கத்தி மாதிரிச் சில்லாகாமல் சிறு மணிகளாக உதிரும். பிளாஸ்ரிக் என்றால் உடனே கீழே வையுங்கள். ஒரு வாரத்தில் கீறல் விழும், பனிமூட்டமும் தீராது. நகத்தால் தட்டிப் பார்த்தால் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். பெட்டியில் ஈ.என். 16805 என்ற ஐரோப்பியத் தர இலக்கம் இருந்தால் இன்னும் நல்லது.

அடுத்தது முகத்தில் படியும் விளிம்பு. அது சிலிக்கனாக இருக்கவேண்டும். விரலால் மடித்து விடுங்கள். சிலிக்கன் மெத்தென்று மடிந்து உடனே பழைய நிலைக்குத் திரும்பும். மலிவான பிளாஸ்ரிக் விளிம்பு மொரமொரவென்று நிற்கும், மடித்த தடமும் இருக்கும், மோந்து பார்த்தால் புதுப் பாய்விரிப்பு மணம் வரும். நல்ல மாஸ்க்கில் விளிம்பு இரண்டு அடுக்காக இருக்கும்: வெளியே ஒன்று, உள்ளே சற்றுச் சிறியதாக இன்னொன்று. ஒன்றைத் தாண்டும் தண்ணீரை மற்றது மறிக்கும்.

கறுப்பு விளிம்பா, ஒளி ஊடுருவும் விளிம்பா என்பது பெரும்பாலும் விருப்பம். வெள்ளை விளிம்பு பக்கத்தால் வெளிச்சத்தை விடும், புதியவருக்கு அடைபட்ட உணர்வு குறையும், ஆனால் காலப்போக்கில் மஞ்சளாகும். கறுப்பு பக்க வெளிச்சத்தை மறிப்பதால் கண்கூச்சம் இருக்காது, படம் எடுப்பவர்கள் அதைத்தான் கேட்பார்கள். முதல் தடவை தண்ணீருக்குள் போகிறவர் மூச்சை நினைத்துப் பயந்துகொண்டு இருப்பார். அவருக்கு வெளிச்சம் வருவது நல்லது என்பது என் எண்ணம்.

ஒற்றைக் கண்ணாடியா இரட்டைக் கண்ணாடியா என்பதைவிட, உள்ளே எவ்வளவு காற்று கொள்கிறது என்று பாருங்கள். கண்ணாடி கண்ணுக்குக் கிட்ட இருக்கும் மாஸ்க்கில் காற்றிடம் குறைவு. தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஒரே ஊதலில் வெளியே தள்ளலாம், இறங்கும்போது நிரப்பவும் குறைந்த காற்றுப் போதும். பக்கங்களிலும் கண்ணாடி வைத்து ஜீப் மாதிரி இருப்பவை பார்க்க எடுப்பாக இருக்கும், காற்றும் கூடக் கொள்ளும். மூக்கடியில் தண்ணீரை வெளியே விடும் சின்ன வால்வு வைத்தும் விற்கிறார்கள். அந்த வால்வுக்குள் ஒரு மணல் அகப்பட்டால் அதுவே ஓட்டை. எனக்கு அது வேண்டாத வேலையாகத்தான் படுகிறது.

போட்டுப் பார்ப்பது

இதற்கு அரை மணித்தியாலம் ஒதுக்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை.

பட்டியைத் தூக்கி மாஸ்க்கின் முன்பக்கமாகப் போட்டுவிடுங்கள். இப்போதைக்குப் பட்டி தேவையில்லை. பட்டியை மாட்டிப் பார்த்தால் எந்த மாஸ்க்கும் பொருந்தியது போலத்தான் தெரியும், அந்த ஏமாற்றத்தில்தான் பலர் வாங்குகிறார்கள். முடியை ஒதுக்கிவிட்டு, தலையை நன்றாக அண்ணாந்து, மாஸ்க்கை முகத்தின் மேல் சும்மா வையுங்கள். அழுத்தக்கூடாது. கூட வந்தவரைச் சுற்றிவரப் பார்க்கச் சொல்லுங்கள். விளிம்பு எல்லா இடமும் தோலில் படிந்திருக்கிறதா? இடைவெளி அநேகமாக மூன்று இடத்தில் வரும்: நெற்றிப்பொட்டில், புருவங்களுக்கு நடுவில், மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையில். ஒரு தாளின் கனத்துக்கு வெளிச்சம் தெரிந்தாலும் அதைக் கழித்துவிடுங்கள். பட்டியை இறுக்கி அந்த இடைவெளியை மூட முடியாது. நான் முயன்று பார்த்தவன்.

இடைவெளி இல்லையா, நேராக நில்லுங்கள். மாஸ்க்கை ஒரு கையால் மெல்லத் தாங்கியபடி மூக்கால் கொஞ்சம் மூச்சை இழுங்கள். மல்லிகைப்பூவை மணக்கிற அளவுதான். மூச்சை நிறுத்தி, கையை எடுங்கள், மெதுவாகக் குனியுங்கள். பத்து எண்ணும் வரை மறுபடி இழுக்காமல் மாஸ்க் முகத்திலேயே நிற்கவேண்டும். மெல்ல நழுவினால் எங்கோ காற்றுப் புகுகிறது. சில கடைக்காரர்கள் "நல்லா இழுங்கோ, நல்லா இழுங்கோ" என்பார்கள். அப்படிப் பலமாக உறிஞ்சினால் தேத்தண்ணிக் கோப்பைகூட முகத்தில் ஒட்டும். அது பரிசோதனை அல்ல.

பெரும்பாலானோர் இந்த இடத்தோடு நிறுத்திவிட்டுக் காசைக் கொடுத்துவிடுகிறார்கள். நானும் இரண்டாவது மாஸ்க்கை அப்படித்தான் வாங்க நின்றேன். குருநகரில் மீன்பிடிச் சாமான் கடை ஒன்றில், பக்கத்தில் நைலோன் கயிறு வாங்க நின்ற அண்ணை ஒருவர், கடலட்டைத் தொழிலுக்குப் போகிறவர், என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கேட்டார்:

"தம்பி, கடலுக்குள்ள வாயை மூடிக்கொண்டோ போறீர்?"

எனக்கு விளங்கவில்லை. அவர் தன் கட்டைவிரலைப் பல்லுக்கிடையில் கவ்வி, உதட்டைச் சுற்றி மூடிக் காட்டினார். மேலுதடு கொஞ்சம் மேலே ஏறியது, கன்னம் உள்ளே போனது, மூக்கடித் தோல் இழுபட்டது. "இப்பிடித்தான் கீழ இருப்பீர். இப்பிடி வைச்சுப் பாரும்."

கட்டைவிரலைக் கவ்விக்கொண்டு மாஸ்க்கை வைத்தேன். ஒரு நிமிடத்துக்கு முன் ஒட்டி நின்ற அதே மாஸ்க் மூக்கடியில் காற்றை விட்டுப் பொத்தென்று கையில் விழுந்தது. அண்ணை கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார், பெயர்கூடக் கேட்கவில்லை. அவரால் எனக்கு மிஞ்சிய காசு கொஞ்சமில்லை.

ஆகவே வாயில் எதையாவது கவ்விக்கொண்டு முழுப் பரிசோதனையையும் இன்னொரு முறை செய்யுங்கள். மேலே மிதந்தபடி மூச்சுவிடும் ஸ்நோர்க்கல் குழாயின் வாய்த்துண்டு இருந்தால் அதைக் கையோடு கொண்டுபோங்கள், விரலைவிட அது சரியான அளவு காட்டும். கவ்வியபடியே சிரியுங்கள். ஆமை ஒன்று பக்கத்தால் போனால் கீழேயும் சிரிப்பு வரத்தான் செய்யும். சிரித்தால் கன்னத்தில் விழும் கோடு வழியாகத் தண்ணீர் புகும். சிரிப்புக்குக் கொஞ்சம் கசிவது எல்லோருக்கும் உண்டு. சும்மா இருக்கும்போது கசியக்கூடாது.

இன்னும் மூன்று சோதனை உண்டு, சுருக்கமானவை. ஒன்று, மாஸ்க்கின் முன்பக்கத்தில் உள்ளங்கையை வைத்து மெல்ல அழுத்துங்கள். சட்டமோ கண்ணாடியோ புருவ எலும்பிலோ மூக்குத்தண்டிலோ இடித்தால் வேண்டாம். கடையில் இலேசாகத் தொடுவது, கீழே முக்கால் மணித்தியாலத்தில் தலையிடியாக மாறும். இரண்டு, மூக்கைச் சிலிக்கனுக்கு மேலாக இரண்டு விரலால் பொத்திப் பாருங்கள், இரு துவாரமும் முழுதாக அடைபடவேண்டும். காது அடைப்பை எடுக்க ஒவ்வொரு மீற்றருக்கும் இதைத்தான் செய்யப்போகிறீர்கள். மூன்று, தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் தாழ்த்தி உங்கள் சட்டையின் கீழ்ப் பொத்தான் தெரிகிறதா என்று பாருங்கள். இடுப்புப் பட்டியின் பக்கிளையும் காற்றளவு காட்டும் மானியையும் அந்தத் திசையில்தான் தேடுவீர்கள்.

மீசை, கூந்தல், மூக்குக்கண்ணாடி

மீசைக்காரர் கோபிக்கக்கூடாது. விளிம்பின் கீழ்ப்பகுதி படிகிற இடம் மீசைதான். முடிக்கு நடுவால் தண்ணீர் ஊறி வரும், எந்த விலை மாஸ்க்கும் இதை நிறுத்தாது. முழுவதையும் மழிக்கத் தேவையில்லை. மூக்குக்குக் கீழே, மீசையின் மேற்கரையில், சிலிக்கன் படிகிற அளவுக்கு ஒரு மெல்லிய கீற்று எடுத்தால் போதும். தூரத்தில் பார்த்தால் தெரியவும் தெரியாது. குருநகர் அண்ணையின் மீசையில் அந்தக் கீற்று இருந்தது, நான் பிறகுதான் யோசித்தேன். சிலர் வசிலின் பூசுவார்கள். அது கண்ணாடியில் பட்டால் நாள் முழுக்க மங்கல், சிலிக்கனுக்கும் நல்லதல்ல.

நீண்ட கூந்தல் உள்ளவர்கள் கொண்டையைப் பின்மண்டையில் உயர்த்திக் கட்டினால் பட்டி நிற்க இடமில்லாமல் போகும். தாழப் பின்னிவிடுவதுதான் வசதி. சிலிக்கன் பட்டி முடியைப் பிடித்து இழுக்கும், கழற்றும்போது கண்ணீர் வரும். அதற்கு மேலே சுற்றும் துணிபோன்ற நியோப்பிரீன் உறை விற்கிறார்கள், வாங்கியே ஆகவேண்டிய சின்னச் சாமான். நெற்றியில் விழும் குறுமுடிதான் பெரிய எதிரி. ஒரே ஒரு முடி விளிம்புக்குள் அகப்பட்டாலும் அது நூல் மாதிரித் தண்ணீரை உள்ளே கொண்டுவரும்.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் அதை மாஸ்க்குக்குள் போட முடியாது, காதுக்குப் போகும் தண்டு விளிம்பைத் தூக்கிவிடும். தண்ணீருக்குள் பொருள்கள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பெரிதாகத் தெரியும். 4 மீற்றரில் நிற்கும் மீன் 3 மீற்றரில் நிற்பது போல இருக்கும். எனவே கிட்டப்பார்வை இலேசாக உள்ள சிலர் ஒன்றும் இல்லாமலே சமாளிக்கிறார்கள். கூடுதலாக உள்ளவர்கள் இரட்டைக் கண்ணாடி மாஸ்க்கைத் தேடுங்கள். பல மாதிரிகளில் அந்தக் கண்ணாடிகளைக் கழற்றிவிட்டுப் பவர் வில்லை போடலாம். 0.5 வித்தியாசத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும், இடத்துக்கும் வலத்துக்கும் வெவ்வேறாகவும் போடலாம். கண் டொக்டர் தந்த துண்டைக் கொண்டுபோய்க் கேளுங்கள். ஆனால் சிலிண்டர் பவர் உள்ளவர்களுக்கு ஆயத்த வில்லை சரிவராது, தனியாகச் செய்விக்கவேண்டும். வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு மீன் வடிவாகத் தெரியும், மானியில் உள்ள இலக்கம் தெரியாது. அதுதான் ஆபத்து. கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் மட்டும் வாசிக்கும் பவர் வைத்தவை இருக்கின்றன. கொன்ராக்ட் லென்ஸ் என்றால் மென்மையான வகையோடு போகலாம், மாஸ்க்குக்குள் தண்ணீர் வந்தால் கண்ணை மூடிக்கொள்ளவேண்டும். கடினமான வகை வேண்டாம், அதற்கடியில் காற்றுக்குமிழி சிறைப்படும்.

பிள்ளைகளுக்கு வாங்குவோர், "வளருகிற பிள்ளைதானே" என்று பள்ளிக்கூடச் சட்டை மாதிரி ஓரளவு பெரிதாக எடுக்காதீர்கள். பயிற்சி நிறுவனங்கள் 10 வயதில் இருந்து சேர்க்கின்றன. அந்த முகத்துக்கென்றே சிறிய மாஸ்க் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தபின்

பற்றுச்சீட்டைத் தொலைக்காதீர்கள். மூட்டம் பிடிக்காமல் இருக்கக் கண்ணாடியில் பற்பசை தேய்ப்பதைப் பிறகு சொல்கிறேன், அதற்கு முன் தண்ணீரில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது, மாற்றவேண்டி வந்தால் புதிதாகவே இருக்கும். கிணற்றடித் தொட்டி இருந்தால் அதைவிட நல்ல பரிசோதனைக் கூடம் இல்லை. பட்டியை மாட்டி, வாயில் ஸ்நோர்க்கலைக் கவ்வி, முகத்தை அமிழ்த்தி, அசையாமல் ஐந்து நிமிடம். தொட்டி இல்லாதவர்கள் பெரிய பேசின் ஒன்றில் செய்யலாம். அம்மா கேட்டால் என்ன சொல்வது என்பதை மட்டும் முதலே யோசித்துவையுங்கள். ஒரு தேக்கரண்டி அளவு தண்ணீர் மூக்கடியில் சேர்ந்தால் பெரிய குறை என்று நினைக்கவேண்டாம், முதலில் முடியையும் பட்டியையும் பாருங்கள். கரண்டிக் கணக்குத் தாண்டினால் கடைக்குத் திரும்புங்கள்.

பட்டி பின்மண்டையின் அகன்ற இடத்தில், காதுக்கு மேலாகப் போகவேண்டும். கழுத்துக்கு இறங்கினால் மாஸ்க் கீழே இழுபட்டு மூக்கடியில் திறக்கும். எவ்வளவு இறுக்கம்? விரலை உள்ளே விட்டால் தாராளமாகப் போகவேண்டும். மாஸ்க்கை முகத்தில் பிடித்துவைப்பது தண்ணீரின் அழுத்தம், பட்டி அது நழுவாமல் காப்பதற்கு மட்டும். மிகையாக இறுக்கினால் சிலிக்கன் விளிம்பு நெளிந்து தானே வாய்க்கால் வெட்டிக்கொடுக்கும். நிலாவெளியில் எனக்கு நடந்தது அதுதான்.

பொருத்தம் சரியென்று தெரிந்த பிறகு பற்பசைக்கு வரலாம். புது மாஸ்க்கின் கண்ணாடியில் தயாரிப்பின்போது படிந்த சிலிக்கன் படலம் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும். அதன்மேல் மூச்சின் ஈரம் துளித்துளியாக ஒட்டி மூட்டமாகும். வெள்ளைப் பற்பசை, ஜெல் வகை அல்ல, ஒரு பட்டாணி அளவு எடுத்துக் கண்ணாடியின் உட்பக்கத்தில் விரலால் வட்டமாகத் தேயுங்கள். இரண்டு மூன்று நிமிடம் தேய்த்துக் கழுவி, மறுபடி தேயுங்கள். மூன்று தரம் செய்தால் மோசமில்லை. கழுவிய பின் ஊதிப் பாருங்கள், மூட்டம் சட்டென்று கலைந்தால் வேலை முடிந்தது. கண்ணாடியில் மூட்டம் தடுக்கும் பூச்சோ நிறப்பூச்சோ ஏற்கெனவே இருந்தால் பற்பசை அதை உரித்துவிடும், பெட்டியில் எழுதியிருப்பதை முதலில் வாசியுங்கள். லைற்றரால் கண்ணாடியைச் சுடுகிற வீடியோக்களும் சுற்றுகின்றன. சிலிக்கன் விளிம்பைக் கருக்கிக்கொண்டு வந்த ஒருவரை எனக்குத் தெரியும், அவர் என் மச்சான். மேற்கொண்டு சொல்லவில்லை.

அதன்பின் ஒவ்வொரு முறை இறங்கமுன்னும் உட்பக்கத்தில் எச்சில் துப்பித் தடவி, கடல்நீரில் ஒருக்கால் அலசிப் போட்டால் போதும். கேட்க அருவருப்பாக இருக்கும், படகில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். மனம் ஒப்பாதவர்கள் குழந்தைகளுக்கான ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து சின்னப் போத்தலில் கொண்டுபோகலாம், கண் எரியாது. போட்ட பிறகு மேலே நிற்கும்போது மூக்கால் மூச்சு விடாதீர்கள், மூட்டத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

முதல் கடல்

திருகோணமலைக்குப் போகமுன் ஒருமுறை நம்மூர்த் தண்ணீரில் பாருங்கள். கீரிமலைக் கேணி நல்ல இடம்: தண்ணீர் தெளிவு, ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனியாக இருக்கிறது. ஆடி அமாவாசைக் கூட்டத்துக்குள் மாஸ்க்கோடு போய் இறங்காதீர்கள், பிதிர்க்கடன் கழிக்க வந்தவர்கள் பொறுக்கமாட்டார்கள். காரைநகர் கசூரினாக் கடற்கரையிலும் வெகுதூரம் இடுப்பளவுக்கு மேல் போகாது. கூட ஒருவர் கரையில் நிற்கட்டும்.

அங்கே பழகவேண்டியது ஒன்றே ஒன்று: தண்ணீர் புகுந்த மாஸ்க்கை வெறுமையாக்குவது. விளிம்பை விரலால் தூக்கி வேண்டுமென்றே கொஞ்சம் தண்ணீர் விடுங்கள். நீருக்குள் இருந்தபடி மாஸ்க்கின் மேல்சட்டத்தை நெற்றியோடு அழுத்தி, முகத்தைச் சற்று மேலே நிமிர்த்தி, மூக்கால் நிதானமாக நீளமாக ஊதுங்கள். காற்று மேலே சேரும், தண்ணீர் கீழ் விளிம்பால் வெளியேறும். முதல் நாலைந்து தரம் மூக்கில் புகுந்து தும்மல் வரும், பிறகு பழகிவிடும். இடுப்பளவில் இதைப் பழகினவர் 10 மீற்றரில் பதறமாட்டார். ஸ்நோர்க்கலோடு இவ்வளவும் செய்யலாம். காற்றுச் சிலிண்டரைத் தொடுவது பயிற்றுநர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

தடிமன் பிடித்த நாளில் மாஸ்க் எவ்வளவு பொருந்தினாலும் இறங்கவேண்டாம், காது அடைப்பு எடுபடாது. மேலே வந்ததும் மாஸ்க்கை நெற்றிக்கு ஏற்றும் பழக்கமும் வேண்டாம். ஓர் அலை போதும், கழன்று போய்விடும். படகில் இருப்பவர்கள் உங்களுக்கு ஏதோ ஆபத்து என்றும் நினைக்கலாம். கழுத்துக்கு இறக்கிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பட்டி மடியும் இடத்திலும் பக்கிளிலும் உள்ள உப்பைக் கழுவி, நிழலில் காயவிடுங்கள். கறுப்பு றப்பர்த் துடுப்புச் சப்பாத்தோடு சேர்த்து வைத்தால் வெள்ளைச் சிலிக்கன் அந்தக் கறையை உறிஞ்சிக்கொள்ளும், பிறகு போகாது. வாங்கும்போது தந்த கடினப் பெட்டியை எறியாதீர்கள், மாஸ்க்கை அதற்குள் வைத்து மூடுங்கள். நான் சோம்பலில் அலுமாரியின் மேல் சும்மா வைத்தேன். மாரி முடிந்து எடுத்துப் பார்த்தபோது மூக்கடி விளிம்பை எலி அழகாக வட்டமாக அரித்திருந்தது. இத்தனை பரிசோதனையும் செய்து, மீசையிலும் கீற்று எடுத்து, தேடிப் பிடித்த மாஸ்க். அந்த வருடம் முழுக்கத் தங்கச்சியிடம் கெஞ்சிச் சித்தப்பாவின் மாஸ்க்கைத்தான் இரவல் வாங்கினேன், அதே சிவப்பு வளையத்தோடு.